தம்பியின் தலை வீக்கம்

அடுத்தவருக்கு வந்த வீக்கத்தைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? ஒன்பது வயதில் நான் பட்டேன். அது என் தம்பியின் தலையில் வந்த வீக்கம்.

அப்பா ராணுவத்தில் இருந்தார். அந்த மழைக்காலத்தில் அவருக்கு எல்லைப் பக்கம் வேலை. அம்மாவும் நாங்களும் புனேயில், வானவடி ராணுவக் குவார்ட்டர்ஸில். மழைக்கு மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிய ஒரு பூனைக்குட்டியை நானும் தம்பியும் போட்டி போட்டுக் கொஞ்சினோம். அதன் காதோரம் முடி கொட்டியிருந்ததை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

சில நாட்களில் என் கையில் வட்டமாகப் படர்தாமரை வந்தது. அரித்தது, அவ்வளவுதான். தம்பிக்கோ உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் போல வீங்கி, முடி உதிர்ந்து, சீழ் கசிந்தது. தலையணையில் தலைவைக்க முடியாமல் அழுதான். அம்மா கட்டி என்று நினைத்து, கீறிவிடச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

தோல் டாக்டர் ஒரு மராத்திப் பெண்மணி. அவன் தலையையும் என் கையையும் பார்த்துவிட்டு, பூனையோடு விளையாடினீர்களா என்று கேட்டார். இரண்டுமே ஒரே பூஞ்சைதான், கீறக் கூடாது, மாத்திரையில் சரியாகும் என்றார். அம்மா விடவில்லை. ஒரே பூஞ்சை என்றால் இவளுக்கு ஏன் இத்தனூண்டு, அவனுக்கு மட்டும் ஏன் இப்படி என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பின் காவல் அணுக்கள் பூஞ்சையின் மேலோட்டை வைத்தே அதை அடையாளம் கண்டுகொள்ளும். உடனே சேதி அனுப்பி ரத்தத்திலிருந்து மற்ற வெள்ளை அணுக்களை வரவழைக்கும். அவை கூட்டமாக வந்து மோதுவதால்தான் சூடும் சிவப்பும் வீக்கமும். சீழில் இருப்பதும் பெரும்பாலும் அந்தச் சண்டையில் செத்த அணுக்கள்தான். என் உடம்பு சாவகாசமாகச் சண்டை போடுகிறது, தம்பியுடையது மூர்க்கமாகப் போடுகிறது.

வெளியே வந்ததும் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "எனக்குத்தான் ஜாஸ்தி சோல்ஜர்ஸ்" என்றான்.

நான் கையைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டேன். வீக்கத்தை அடக்க அவனுக்கு மட்டும் இன்னொரு மாத்திரையும் உண்டு. சண்டை அளவு மீறினால் முடியின் வேரும் சேர்ந்து செத்துப்போகும் என்று டாக்டர் சொன்னது எங்கள் இருவர் காதிலும் ஏறவில்லை.

அன்று சாயங்காலமே அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கட்டிடத்தின் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். இது ஒட்டிக்கொள்ளும் நோய், டாக்டர் சொல்லும்வரை பிள்ளைகள் விளையாட வரமாட்டார்கள், சீப்பும் துண்டும் தனியாக வைத்துவிட்டேன் என்று இந்தியில் சொன்னாள். பிறகு தம்பியின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்துவாள். என் பையன் உடம்பு சிங்கம் மாதிரி சண்டை போடுகிறதாம், டாக்டரே சொன்னார் என்பாள். எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்த வேகத்தில் தன் மகளைப் பின்னால் இழுத்துக்கொண்டவள், அதைக் கேட்டதும் மெல்லக் குனிந்து அவன் தலையைப் பார்த்தாள். வீரன்தான் என்று மராத்தியில் சொன்னாள். தம்பி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான்.

வீக்கம் வடிந்தது. முடியும் வளர்ந்தது, ஒரு கட்டைவிரல் நகத்தளவு இடத்தைத் தவிர. இன்றைக்கும் அதைத் தடவிக் காட்டிப் பெருமையடிப்பான்.

எனக்கு அன்று விளங்காதது வேறு. பெருமையைச் சொல்லத்தானே போகிறோம், பின் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் அம்மா ஏன் ஒரு கணம் தயங்கி நின்றாள், என்னைப் பிடித்திருந்த கை ஏன் அப்படி வியர்த்திருந்தது என்பதுதான்.