பில்லின் பின்பக்கம்

"இதுக்கு மேல ஒரு பைசா குறையாதும்மா" என்று கடைக்காரர் கையை விரித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பேசாமல் பணத்தை எடுத்து நீட்டுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன். சம்பாதிப்பது மட்டும்தான் உத்தியோகம் என்று வீட்டு ஆண்கள் நினைக்கிறார்கள். சம்பாதித்ததைக் கடையில் கோட்டை விடாமல் பொருள் வாங்குவதும் உத்தியோகம்தான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்ற நான், நெய்வேலி சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு அதில் தேறினேன்.

அந்த வருட போனஸுக்கு வீட்டில் ஓர் ஒப்பந்தம். முதலில் என் வீட்டுக்காரருக்கு டி.வி. மிச்சம் இருந்தால் எனக்குத் தையல் மிஷின். பிளாக்கில் இத்தனை பெண்கள் ஜாக்கெட்டுக்காகத் தையல்கடைக்கு நடையாய் நடக்கிறார்கள், நான் தைத்தால் என் கையிலும் நாலு காசு இருக்குமே என்ற ஆசை. டி.வி. வாங்கியதும் எண்ணிப் பார்த்தோம். மிஷினுக்கு நூற்றைம்பது ரூபாய் குறைந்தது.

எழுதித் தரச் சொன்னேன்

டி.வி. வாங்கியது வடலூரில். அந்தக் கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் ஒன்று சொல்வார்: "ஒரு மாசத்துக்குள்ள இதே செட்டை வேற எங்கனா கம்மியா குடுத்தா, மீதிய நான் திருப்பித் தந்துடறேன்." பணம் கட்டியதும் பில்லைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். "இப்ப சொன்னதை இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்கண்ணே."

என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். இடுப்பிலிருந்த மகள் பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். கடைக்காரர் என்னையும் பில்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதினார். 'வேறு கடைச் சீட்டு கொண்டுவர வேண்டும்' என்று ஒரு வரியையும் சேர்த்து, முத்திரை குத்தினார். பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "பத்து வருசமா இதைச் சொல்லிக்கினு இருக்கேன் சார். எழுதிக் குடுக்கச் சொன்ன மொத ஆளு இவங்கதான்."

ஷூவுக்கு ஒரு விலை

அடுத்த வாரம் கடலூரில் விலை விசாரிக்கப் போனோம். அவர் முதல் ஷிப்ட் முடித்து நேரே வந்தார். காலில் மைன்ஸில் கொடுத்த கறுப்பு ஷூ. கல்யாணமானாலும் கோயிலானாலும் அதுதான் அவருக்கு. கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்குமுன் அந்த ஷூவைப் பார்த்தார்.

"சார் நெய்வேலிங்களா? பர்மனென்ட்டா?"

"ஆமாங்க, பர்மனென்ட்" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார். வடலூரைவிட நூறு ரூபாய் கூடுதலாக விலை வந்தது. குறைக்கச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார்: "போனஸ் வாங்கினவங்களுக்கு இதெல்லாம் ஒரு விலையாம்மா?"

பண்ருட்டியில் நான் பேசவில்லை

எங்கள் பிளாக்கில் கீரை விற்கும் அஞ்சலைக்கு ஊர் முத்தாண்டிக்குப்பம். கடலூர்க் கதையைக் கேட்டதும், "சாரை வூட்டுல வுட்டுட்டு எங்கூட வாக்கா" என்றாள். ரப்பர் செருப்பும் பழைய நூல் புடவையுமாகப் பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன். எங்களுடைய டி.வி. மாதிரியே ஒன்றைக் காட்டிவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை. அஞ்சலைதான் பேசினாள். அவள் இரண்டு தடவை வாசல்படி இறங்கினாள், கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். கடைசியில், ஆன்டெனாவோடு சேர்த்து வடலூரைவிட நூற்றெண்பது குறைவு.

அப்போதுதான் நான் பேசினேன். "இதை மாடல் நம்பரோட ஒரு கொட்டேஷனா எழுதி, சீல் போட்டுக் குடுங்க." கூட்டுறவு சொசைட்டியில் லோனுக்கு எழுதும் எங்கள் நெய்வேலி ஆட்கள்தான் இப்படி விலைச் சீட்டுக் கேட்பார்கள் என்று அவருக்கா தெரியாது? சொன்ன விலையை மாற்ற வழியில்லாமல் எழுதி நீட்டினார். "நெய்வேலின்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

இரண்டு காகிதங்கள்

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வடலூர்க் கடைக்குப் போனேன். இல்லை என்று சொல்லிவிட்டால் மிஷினை அடுத்த போனஸுக்குத்தான் நினைக்கலாம். கடைக்காரர் கொட்டேஷனைப் படித்தார். பில்லின் பின்பக்கம் இருந்த தன் கையெழுத்தையும் படித்தார். "ஆன்டெனா இல்லாத விலையா இருக்கும்" என்றார். ஆன்டெனாவுடன் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தேன். கல்லாவைத் திறந்து நூற்றெண்பதை எண்ணி வைத்துவிட்டு, "எழுதிட்டேன், அப்புறம் என்ன பேச்சு" என்றார்.

அந்தப் பணத்தோடு கையிலிருந்ததையும் சேர்த்து வைத்து, அங்கேயே நின்றிருந்த தையல் மிஷினைக் காட்டினேன். பில் போட்டார். அதையும் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுதினார்.

டி.வி.யில் என்ன ஓடினாலும் எங்கள் வீட்டில் இப்போது அதைவிடச் சத்தமாக ஓடுவது என் மிஷின்தான்.

அன்று மிஷினை வண்டியில் ஏற்றிவிட்டு, கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தை மாசம் எம்பொண்ணு கல்யாணம். கடலூர்ல பீரோ வாங்கணும். எங்க வூட்டம்மாவோட நீயும் வந்து பேசிக் குடும்மா. சாரு வந்தா அந்த ஷூவ மட்டும் கழட்டிட்டு வரச் சொல்லு."