அமுதம் அக்காவின் ஒற்றை ரிங்

இது நடந்தது. எனக்கு நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர், "துக்கத்துல உனக்கு அப்படித் தோணியிருக்கும்" என்றார்கள். மீதிப் பேர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். இரண்டுமே எனக்கு எரிச்சலைத்தான் தந்தன. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் பெயர் பீட்டர். மஸ்கட்டில் ஒரு மீன் கோல்ட் ஸ்டோரேஜில் சூப்பர்வைசர். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம் என்றாலும் பிறந்து வளர்ந்தது நிக்கோபார் தீவில் இருக்கும் கேம்பல் பேயில். அங்கே எனக்கு இருந்தது என் அக்கா அமுதமும் அத்தான் மிக்கேலும் மட்டும்தான். அத்தானுக்குச் சொந்தமாக ஒரு சின்னப் படகு. அக்காவுக்கு ஜெட்டி என்கிற படகுத்துறைக்குப் பக்கத்து ஐஸ் பிளான்டில் வேலை. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள்.

எங்கள் குடும்பத்தில் அக்கா போட்ட சட்டம் ஒன்று உண்டு. கேம்பல் பேயில் நெட் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். வீடியோ கால் போட்டால் முகம் பாதியில் நின்றுவிடும். வெளிநாட்டுக்குப் பேசினால் பேலன்ஸ் பறந்துவிடும். அதனால் மிஸ்டு கால். ஒரு ரிங் விட்டு கட் செய்தால், நல்லா இருக்கோம். இரண்டு ரிங் என்றால், நீ கூப்பிடு. என்ன ஆனாலும் நான் எடுக்கக் கூடாது. வெளிநாட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் எடுத்ததில்லை.

அன்று காலை அங்கே நிலம் ஆடியது. கொஞ்ச நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது.

அக்கா எண்ணுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் ஹிந்தியில் சொன்னது. மறுபடி அடித்தேன். மறுபடி அதே குரல். அத்தானுக்குப் போன் என்றாலே ஆகாது, வீட்டுக்கே அந்த ஒரு போன்தான். டி.வி.யில் ஒரு உதவி எண் போட்டார்கள். நாற்பது நிமிடம் பாட்டு கேட்க வைத்துவிட்டு, கடைசியில் எடுத்த ஆள் அக்காவின் ஆதார் நம்பர் கேட்டான். என் ஆதார் நம்பரே எனக்குத் தெரியாது. கத்தினேன். கட்.

இதற்கிடையில் தூத்துக்குடிச் சொந்தங்கள் வேறு. ஐந்து நிமிடத்துக்கு ஒருவர். "ஏதும் தெரிஞ்சுதா பீட்டரு?" நான் என்ன கேம்பல் பேயிலா நிற்கிறேன்? இவர்கள் பேசும் நேரத்தில் அக்கா கூப்பிட்டால் என்ன ஆகும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

போர்ட் பிளேரில், லம்பா லைன் பகுதியில், என்னோடு படித்த பிரவீன்குமார் இருக்கிறான். அவனைப் பிடித்தேன்.

"அரே பீட்டர், இங்கயே கரண்ட் இல்ல. கேம்பல் பே சைடு பூரா லைனே பந்த். வெயிட் பண்ணுடா."

எல்லோரும் சொன்னது அதைத்தான். வெயிட் பண்ணு.

மாலை 4.10. போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். திரையில் 'அமுதம் அக்கா'.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எல்லோருக்கும் சொன்னேன். அக்காவிடமிருந்து ரிங் வந்துவிட்டது, நன்றாக இருக்கிறார்கள். காலையிலிருந்து சாப்பிடாதவன் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே பழக்கத்தில் போனைச் சைலன்ட்டில் போட்டிருந்தேன்; பகல் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது நினைவில் இல்லை. எடுத்துப் பார்த்தேன். அப்போதும் சைலன்ட்டில்தான் இருந்தது.

மறுபடி அடித்தது. ஒரு ரிங்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. ஒரு ரிங்.

உடனே திருப்பிக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். போனைக் கீழே வைத்ததும்... ஒரு ரிங்.

இரவு முழுக்க இப்படித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நன்றாக இருக்கிறாய், சரி. அதை எத்தனை தரம் சொல்வாய்? பேச வேண்டும் என்றால் இரண்டு ரிங் விட வேண்டியதுதானே?

மறுநாள் காலை. உறைமீன் அறைக்குள் நின்று பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையின் கதவு ஒரு சாண் கனம். உள்ளே போனால் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. மனைவியிடமிருந்து தப்பிக்க நல்ல இடம் என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

அங்கே அடித்தது.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

திரையில் அக்கா பெயர். மேலே சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

ஆத்திரத்தில் எடுத்துவிட்டேன்.

காற்றுச் சத்தம் இல்லை. கடல் சத்தம் இல்லை.

சொட்... சொட்... சொட்...

பனிக்கட்டி உருகிச் சொட்டும் சத்தம். என் தொழிலில் அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஏலேய்... எடுக்காதன்னு சொன்னேம்லா."

"அக்கா. எங்க இருக்க?"

"அவியட்ட சொல்லிட்டியா?"

"என்னத்த?"

"நான் நல்லா இருக்கேன்னு."

"அத்தான் உங்கூட இல்லையா?"

சொட்...

"சொல்லுல. வெரசா சொல்லு."

கட்.

வெளியே ஓடிவந்து பிரவீன்குமாரைக் கூப்பிட்டு, போர்ட் பிளேர் கன்ட்ரோல் ரூமில் சொல்லி அத்தானுக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். கன்ட்ரோல் ரூமில் ஒரே கூட்டம், யாரும் காதில் வாங்க மாட்டார்கள் என்று இழுத்தான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பாவம், அந்தக் கூட்டத்தில் போய்ச் சண்டை போட்டான். ஒரு மணி நேரம் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது.

"ஹோ கயா, முடிஞ்சுது பீட்டர். வயர்லெஸ்ல சொல்லிட்டாங்க. 'மிக்கேல், உன் பொண்டாட்டி பத்திரமா இருக்கா, தம்பிக்குப் போன் பண்ணிருக்கா, மேல கேம்புக்குப் போய்ப் பாரு'ன்னு. போலீஸ்காரர் நேர்லயே போய்ச் சொல்லிட்டாராம்."

அவன் வைத்ததும் அடித்தது. ஒரு ரிங்.

அதுதான் கடைசி.

நான்கு நாள் கழித்து, மீட்புப் படையின் சாட்டிலைட் போனிலிருந்து அத்தான் பேசினார்.

"பீட்டரு. அமுதம் கிடைச்சிட்டா."

"அதான் எனக்குத் தெரியுமே அத்தான்."

"ஐஸ் பிளான்ட் இடிஞ்சு கிடந்துச்சுல்லா... அதுக்குள்ள. நேத்து அடக்கம் பண்ணியாச்சு."

எப்போது என்று மட்டும் கேட்டேன்.

"மொத நாள் காலையிலயே உசுரு போயிருக்கு. டாக்டர் சொல்லிட்டாரு. அவ நல்லா இருக்கான்னு எவம்ல ஒனக்குச் சொன்னான்? கேம்ப் கேம்பா அலைஞ்சேம்ல நான்."

"அக்காதான் ரிங் குடுத்தா. நான் பேசுனேன் அத்தான்."



"போன் எங்கிட்டல்லா இருக்கு" என்றார். "கடலுக்குப் போறீங்க, கையில இருக்கட்டும்னு அன்னைக்கிக் காலையில அவதான் என் சட்டைப் பையில போட்டா. கரையேறும்போதே தண்ணி குடிச்சுச் செத்துப்போச்சு."

மூன்று மாதம் கழித்துத்தான் லீவு கிடைத்தது. அதுவும் கெஞ்சிக் கூத்தாடி. போர்ட் பிளேருக்கு வந்து, கப்பல் டிக்கெட்டுக்கு நாயாய் அலைந்து, கேம்பல் பே போய்ச் சேர்ந்தேன். கல்லறைத் தோட்டத்தில் அத்தான் எனக்காக நின்றிருந்தார். அவரே ஆரம்பித்தார்.

"போலீஸ்காரன் வந்தப்ப நான் ஜெட்டியில நின்னு தேடிக்கிட்டு இருந்தேன். அஞ்சு பேரு. நானு, பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை அண்ணன், ஒரு சர்தார்ஜி, இன்னும் ரெண்டு பேரு. 'தேரி பீவி டீக் ஹை, ஊப்பர் ஜா'ன்னான், ஒம் பொண்டாட்டி நல்லா இருக்கா, மேல போன்னு. ஏறுனேன். பாதி ஏத்தத்துல திரும்பவும் தரை ஆடுச்சு. கீழ பார்த்தா ஜெட்டியே இல்ல."

"அந்த நாலு பேரு?"

அவர் கடலைக் கையால் காட்டினார்.

அக்கா எதற்காக அப்படி ஓயாமல் அடித்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நன்றி சொல்லத்தான் தோன்ற வேண்டும். ஆனால் அத்தான் முகத்தில் நன்றி இல்லை.

"அவங்களும் பொண்டாட்டி பிள்ளையத்தாம்ல தேடிக்கிட்டு நின்னாங்க. அவங்களுக்கு ஏன் ஒருத்தரும் ரிங் குடுக்கல?"



அந்தப் போன் இப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. உப்பு தின்றுவிட்டது, சார்ஜ் ஏறாது. ஒவ்வொரு லீவுக்கும் போகும்போது அதை வெளியே எடுத்து என் கையில் வைப்பார்.

"ஒங்கிட்டதான பேசுனா. அத நீயே அவட்ட கேளு" என்பார்.