சட்டைப்பையில் ஒரு காந்தம்

ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒரு பிடி போல்ட்டை அள்ளி மேசையில் கொட்டியதும் நிப்றாஸ் சட்டைப்பைக்குள் கையை விட்டுக் காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். கருப்பு நிறம், ஒரு பிஸ்கட் அளவு. ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து அதில் தொட்டுப் பார்த்தார். துருப்பிடிக்காத நல்ல ஸ்டீல் என்றால் காந்தத்தில் ஒட்டாது, வழுக்கி விழும். ஒட்டினால் அது வெறும் இரும்பு. மேலே பூசிய முலாம் எவ்வளவு பளபளத்தாலும் கடற்காற்றில் மூன்று மாரிகாலத்துக்கு மேல் தாங்காது, உள்ளுக்குள் கறள் பிடித்து உதிர்ந்துவிடும்.

பதினாறில் ஒன்று ஒட்டிக்கொண்டது. அதைக் கடைக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"காந்தம் புடிச்சா நிப்றாஸ் புடிக்க மாட்டான். வேற தாங்க."

இந்த வாசகத்தைக் கேட்காத காது கல்முனை பஸாரில் இல்லை. ஓட்டோக்காரர்கள் அவரைக் கண்டால், "காந்தம் வருது, சில்லறையப் பொத்திப் புடிங்கடா" என்று கத்துவார்கள். அவருடைய பையில் போட்ட சாவி ஒருநாளும் தனியாக வெளியே வராது, காந்தத்தையும் இழுத்துக்கொண்டுதான் வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்போதும் ஜிப்பாப் பையில் அது கனத்துக் கிடக்கும். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து மனைவி றஹீமா அதை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைப்பார். காலையில் நிப்றாஸ் பல் துலக்குவதற்கு முன் அங்கேதான் போய் நிற்பார்.

வயது நாற்பத்து நான்கு. தொழில், கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து மாட்டுவது. சாய்ந்தமருதில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு கணினி, எழுத்து வெட்டும் இயந்திரம், வெல்டிங் சாமான்கள். பிரிண்ட் அடிப்பவர் ஒருவர், மாட்டுபவர் இன்னொருவர் என்று மற்றவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டு பலகாலம் ஆகிறது. நிப்றாஸ் மட்டும் எழுத்தை வரைவதிலிருந்து ஏணி ஏறுவது வரைக்கும் தானே செய்வார். "செஞ்சவன் ஒருத்தன், மாட்டினவன் இன்னொருத்தன் எண்டா, விழுந்தா பழிய ஆர்ர தலையில போடுற?" என்று கேட்பார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அந்தக் கேள்வி அவருக்கே எங்கே குத்துகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

நடக்கும்போது மனிதர் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. நிலத்திலிருந்து பத்தடி உயரத்தில்தான் கண் போகும். சம்மாந்துறையில் ஒரு கலியாணத்துக்குப் போனவர், மாப்பிள்ளைக்குக் கைகொடுத்துக்கொண்டே மண்டபத்து வாசல் பலகையை அண்ணாந்து பார்த்து, "வலப்பக்கம் அரை இஞ்சி சரிஞ்சி கிடக்கு" என்றார். மாப்பிள்ளை பாவம், தன் தொப்பியைச் சரிசெய்தார்.

சுவரில் துளை போடும் முன் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். வெளியே பூச்சு அழகாக இருக்கும். உள்ளே கடல் மண் கலந்த கல் உப்பில் பொடிந்து போயிருக்கும். அப்படியான சுவரைக் கண்டால் கடைக்காரரின் முகம் எவ்வளவு சுருங்கினாலும் சொல்லிவிடுவார்: "இந்தச் செவரு பொய் செல்லுது. இதுல நான் மாட்ட மாட்டன்."

இவ்வளவு சுத்தமான மனிதருக்கு மாரி பிறந்தால் சோறு இறங்குவதில்லை. காற்று ஒரு சுழற்றுச் சுழற்றினால் கையிலிருக்கும் பிடி சோற்றுக் கோப்பையில் அப்படியே நிற்கும். காந்தம் அவருடைய பைக்குள் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது என்பதை ஊரில் ஒருவரும் யோசித்துப் பார்த்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன், நோன்புப் பெருநாளைக்கு முதல் நாள் பின்னேரம். பஸார் வீதித் திருப்பத்தில் மக்கீன் ஹாஜியாரின் புடவைக் கடை. அதன் நெற்றியில், வாசலுக்கு மேலே முன்னோக்கிச் சரிந்து நிற்கும் பதினெட்டு அடி நீளப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். எட்டு போல்ட் வேண்டும். எடுத்து வைத்திருந்த ஸ்டீல் போல்ட்டில் ஐந்து முந்தின நாள் மருதமுனை வேலையோடு தீர்ந்துபோயிருந்ததை ஏணியில் நின்றபோதுதான் கண்டார். ஹார்ட்வெயார் கடைகள் பூட்டியாயிற்று. கீழே ஹாஜியார், "தம்பி, லைட்டு எரியட்டும், சனம் வந்துட்டு" என்று நின்ற இடத்தில் நிற்காமல் அவசரப்படுத்தினார். இடப்பக்கம் மூன்றும் ஸ்டீல். வலப்பக்கம் ஐந்தும் பெட்டியின் அடியில் கிடந்த வெறும் இரும்பு. வித்தியாசம் தெரியாமலிருக்க எட்டின் தலையிலும் வெள்ளிப் பெயின்ட் தொட்டுவிட்டார். பெருநாள் முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தார்.

பெருநாள் முடிந்தது. அதையடுத்த ஆறு நோன்பும் முடிந்தது. பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் வியாபாரம். அதற்கிடையில் ஹாஜியார் கண்டவரிடமெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார்: "நிப்றாஸ் இறுக்கின போல்ட் கியாமத்து நாள் மட்டும் நிக்கும்." உலகம் அழியும் நாள்வரை நிற்கும் போல்ட் என்ற அந்தச் சொல்லைக் கேட்டு ஒலுவிலிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். வாயைத் திறந்தால் பிழைப்பும் பேரும் சேர்ந்து போகும். அந்த வெட்கத்தில்தான் காந்தத்தைப் பைக்குள் போட்டார், இனி ஒரு இரும்பு போல்ட்டும் தன் கையால் சுவரில் ஏறக் கூடாது என்று. ஊர் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டது. அவரும் இல்லையென்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது மட்டுமா, அதற்கு ஒரு வாசகமும் கட்டிக்கொண்டார்.

கழற்றி மாற்ற முயலாமலும் இல்லை. ஒருமுறை, "எழுத்து மங்கிட்டு ஹாஜி, இறக்கிப் புதிசாக்கித் தாறன், சும்மாதான், காசு வேணாம்" என்று கேட்டுப் பார்த்தார். ஹாஜியார் சிரித்தார். "சும்மா செய்றன் எண்டு நீ செல்ற நேரம்தான் மனே எனக்குப் பயமா இரிக்கி. நல்லாக் கிடக்கிற போர்ட எதுக்குக் கழட்டுற?" இன்னொருமுறை லைட் வயரைச் சாட்டிப் பார்த்தார். ஹாஜியார் உடனே கடைக்குள் போய் சுவிட்சைப் போட்டார். எல்லா எழுத்தும் பளிச்சென்று எரிந்தது.

இதற்குள் வலப்பக்கத்துச் சுவரில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு இறங்கத் தொடங்கியிருந்தது. கூரைப் பீலித் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஹாஜியார் நினைத்தார், கறள் என்று நிப்றாஸுக்குத் தெரியும். அந்தக் கோடு போன வருடம் ஒரு முழம், இந்த வருடம் இரண்டு முழம். அதற்கு நேர் கீழே ஹாஜறா இருப்பார். கச்சான் கொட்டை என்கிற நிலக்கடலையை வறுத்துக் காகிதச் சுருளில் விற்கிறவர். வீதியின் மறுபக்கம் இருந்தவர், பலகை வந்த பிறகு நிழலுக்காக இந்தப் பக்கம் மாறிக்கொண்டார். நிப்றாஸைக் கண்டால் ஒரு சுருளைக் கையில் திணிக்காமல் விடமாட்டார்.

"தின்னு தம்பி. நீ வெச்ச போர்டுதான் எனக்குக் கூரை."

அந்தக் கச்சான் கொட்டையை நிப்றாஸ் ஒருநாளும் தின்றதில்லை. வீதி திரும்பியதும் யாராவது ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்.

இந்தக் கார்த்திகைக் கடைசியில் பலத்த காற்று வரப்போகிறது என்று வானொலி சொன்னது. விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் அறிவித்தார்கள். தோணிகளைக் கரைக்கு மேலே இழுத்துப் போட்டார்கள். நிப்றாஸ் ஏணியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். தான் மாட்டிய பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது மாரிக்கு மாரி அவருடைய வழக்கம். றஹீமா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச பாருங்க, ஒண்டு கேக்கன். எல்லாக் கடைக்கும் ஏணி வெச்சி ஏறுறீங்க. மக்கீன் ஹாஜியார்ர கடைய மட்டும் ஏன் தூரத்தால சுத்திப் போறீங்க?"

"ஆரு சென்ன?"

"ஆரும் செல்லல்ல. வண்டியில பின்னால இரிந்து வாறவள் நான்தானே, எனக்குத் தெரியாதா? செவருர பொய்ய காது வெச்சிக் கேக்கிறீங்க. ஒங்கட நெஞ்சிலயும் ஒருக்காத் தட்டிப் பாருங்க."

அவர் வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது. பாண்டிருப்புப் பக்கம் இரண்டு பலகை, வைத்தியர் ஒருவரின் பலகை, ஒரு நகைக் கடை. எல்லாம் அசையாமல் நின்றன. மற்றக் காலமென்றால் நெஞ்சு நிமிரும். அன்று ஒவ்வொரு நல்ல பலகையும் அவருக்கு எரிச்சலூட்டியது.

மதியம் லுஹர் தொழுகை தாண்டியதும் மழை பிடித்தது. வாடைக் காற்று வீதியைத் துடைத்துக்கொண்டு வந்தது. ஹாஜியாரின் கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர் ஒதுங்கி நின்றார்கள். எங்கே? பலகைக்கு நேர் அடியில். வலப்பக்க மூலையில் ஹாஜறா, தட்டின் மேல் பொலித்தீனை இழுத்து மூடிக்கொண்டு.

நிப்றாஸ் இந்த முறை சுற்றிப் போகாமல் வண்டியை நிறுத்தி ஏணியை அவிழ்த்தார்.

"ஹாஜி, இதக் கழட்டி வெப்பம். காத்து வலுக்கப் போகுது."

"கழட்டவா?" ஹாஜியார் வாசலுக்கு வந்தார். "மத்தவன்ட போர்டெல்லாம் நிக்கக்குள்ள நீ மாட்டின போர்டக் கழட்டினா ஊரு என்ன பறையும்? ஒன்ட பேருதான் நாறும்."

"பேரு கிடக்கட்டும் ஹாஜி. சனம் நிக்குது."

பலகை ஒரு முறை முனகியது. நின்றவர்களில் நாலைந்து பேர் மேலே பார்த்துவிட்டு மழைக்குள் இறங்கினார்கள். ஹாஜியாருக்கு அது பொறுக்கவில்லை.

"இஞ்ச பாரு, நீ கதைச்சிக் கதைச்சி சனத்தப் பயங்காட்டுறாய். ஏணிய வெச்சி ஏறு. ஒன்ட காந்தத்த வெச்சிக் காட்டு, எல்லாரும் பாக்கட்டும். காந்தம் புடிச்சா நிப்றாஸ் புடிக்க மாட்டான், இல்லியா?"

கூட்டம் சிரித்தது. ஓட்டோக்காரர் ஒருவர், "ஏறுங்க நிப்றாஸ் காக்கா, காட்டுங்க!" என்றார்.

நிப்றாஸ் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறினார். ஏணியைச் சாய்த்திருந்தது இடப்பக்கம். அது தற்செயலா? கால் தானாக அந்தப் பக்கம் போனதா? அவரைக் கேட்டால் இன்றைக்கும் தெரியாது என்பார். முதல் போல்ட்டில் காந்தத்தை வைத்துக் கையைத் தளர்த்தினார். வழுக்கியது, பிடித்துக்கொண்டார். இரண்டாவது, வழுக்கியது. மூன்றாவதும் அப்படியே.

"கண்டிங்களா!" ஹாஜியார் கையைத் தட்டினார். "கியாமத்து நாள் மட்டும் நிக்கும் எண்டு நான் சும்மாவா செல்றன்?"

மழைக்குள் இறங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி நிலத்தில் விட்டார். ஹாஜறா சுவரோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்து, "போதும் எறங்கு தம்பி, காத்துத் தள்ளிடும்" என்றார்.

இறங்கலாம். மூன்று வருடம் சொல்லத் தெரியாமல் தவித்த ஒன்றை இப்போது சொல்லவே தேவையில்லை. ஊரே பார்த்து, ஊரே நம்பிவிட்டது. பலகை நின்றால் பேர் நிற்கும். விழுந்தாலும் பழியைக் காற்றின் தலையில் போடலாம், ஸ்டீல் என்று சொல்லச் சாட்சி பதினைந்து பேர் இருக்கிறார்கள். நிப்றாஸ் இரண்டு படி இறங்கினார். அவருக்கு அழுகை வந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் ஹாஜறாவின் முக்காட்டைப் பார்த்தார். வெள்ளை முக்காடு. அதன் உச்சியில் தேத்தண்ணி நிறத்தில் மூன்று பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து நான்காவது துளி விழுந்தது. ஹாஜறா அதைத் தடவிவிட்டு, விரலைப் பார்த்து, சுவரில் துடைத்தார்.

நிப்றாஸ் தரைக்கு வந்து ஏணியைத் தூக்கினார். வலப்பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தார்.

"இன்னும் என்னத்துக்கு?" என்றார் ஹாஜியார். "காட்டியாச்சே."

"ஹாஜறா லாத்தா, தட்டத் தூக்குங்க. அங்கால போங்க. எல்லாரும் அங்கால போங்க."

"என்ன தம்பி செல்றாய்?"

"எழும்புங்க லாத்தா. ஒங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், எழும்புங்க."

அவர் குரலில் இருந்த எதையோ கேட்டு ஹாஜறா தட்டோடு எழுந்தார். நிப்றாஸ் ஏறினார். கடைசி போல்ட்டின் தலையில் வெள்ளிப் பெயின்ட் தோல் உரிந்து தொங்கியது. காற்று ஏணியை ஆட்டியது. ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் காந்தத்தை அதன் கிட்டே கொண்டுபோனார். வைக்கத் தேவையிருக்கவில்லை. அதுவே அவர் விரலிலிருந்து பறித்துக்கொண்டு போய், டக்கென்று ஒட்டியது.

கீழே ஒருவரும் சிரிக்கவில்லை. நிப்றாஸ் காந்தத்தைப் போல்ட்டிலேயே விட்டுவிட்டு அந்தக் கையை மெதுவாக எடுத்தார். ஐந்து விரலையும் விரித்து, வெறும் உள்ளங்கையை வீதிப்பக்கம் திருப்பி, எல்லோரும் பார்க்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.