பச்சை வானமும் அப்பாவின் கார் சாவியும்

வடக்கு வானத்தில் ராத்திரி ஆடும் துருவ ஒளியைப் படம் பிடிப்பது என்றால் என்ன தெரியுமா? விறைக்கும் குளிரில் நின்று கறுப்பைப் படம் எடுத்துவிட்டு, அது கறுப்பு இல்லை என்று ஊரெல்லாம் வாதாடுவது. இதில் அநியாயம் நடந்தது எனக்கு. செய்தவர் என் அப்பா. கண்ணால் கண்டதைச் சொன்ன மகளிடம் ஆதாரம் கேட்டார். அது வரும்வரை கார் சாவி கிடையாது என்றும் சொல்லிவிட்டார். நியூ ஜெர்சியில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. நான் போக வேண்டியதோ கனடா எல்லைப் பக்கம். வானத்தையோ அப்பாவையோ நம்பிக் காத்திருந்து பழகியவர்களே, உங்களிடம்தான் முறையிடுகிறேன்.

ஆதாரம் எங்கே?

யுனிவர்சிட்டியில் என் ரூம்மேட் லிண்டா. அவளுடைய ஓட்டைக் காரில் கனடா எல்லையை ஒட்டிய வெர்மான்ட் வரை போய்த்தான் முதன்முதலாக அதைப் பார்த்தேன். மலைக்கு மேலே பச்சையாக ஒரு கோடு தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தாவணி மாதிரி விரிந்து, மடிந்து, பாதி வானத்தைப் பிடித்துக்கொண்டது. நான் காமிராவை மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லி, மறுபடி போய்ப் பார்க்க அவர் காரைக் கேட்டேன். அப்பா என்ஜினியர், வேலைக்கு வந்தவனை இன்டர்வியூ செய்கிற முகத்தோடு கேட்டார். சூரியனிலிருந்து வரும் துகள்கள் நம் காற்றில் மோதி ஒளிர்கின்றன என்று விளக்கினேன். இயற்பியல்மேல் அவருக்குச் சந்தேகமில்லை, என்மேல்தான். என் கண்ணால் பார்த்தேனே, அது போதாதா என்று கேட்டேன்.

"பாத்தேன்னு யார் வேணா சொல்லலாம். படத்தைக் காட்டு, சாவியை எடுத்துக்கோ."

லாபில் ஒரு நல்ல மனிதர்

லிண்டாவோடு மறுபடி போய் எடுத்த முதல் பிலிம் ரோலை, மருந்துக்கடைக்குள் இருந்த போட்டோ லாபில் கொடுத்தேன். எல்லாம் இருட்டு, அதனால் பிரின்ட் போடவில்லை என்று ஒரு துண்டுச்சீட்டோடு திரும்பி வந்தது. நெகட்டிவை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து அரைமணி நேரம் வாதாடினேன். கவுன்டரில் இருந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த முறை எதுவானாலும் பிரின்ட் போடுவதாக ஒப்புக்கொண்டார்.

அடுத்த முறை போட்டார். வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். ஆனால் அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் பர்ஸைத் திறந்து பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

"வானம் பூராவும் பச்சை ஏறிப்போயிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொண்ணா சரி பண்ணிட்டேன்."

பதினோரு அப்பாக்கள்

இன்னொரு தொல்லையும் உண்டு. எல்லாம் இருட்டாக இருந்தால், ஒரு படம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று லாபுக்குத் தெரியாது, நெகட்டிவைப் படத்தின் நடுவிலேயே வெட்டிவிடுவார்கள். ரோலின் முதல் படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்தால், அதிலிருந்து அளந்து வெட்டலாம் என்று அந்தப் பெரியவரே சொல்லிக்கொடுத்தார்.

பகலில் அசையாமல் கிடைப்பவர் யார்? அப்பாதான். ஞாயிறு தவறாமல் ஏணியில் நின்று, தன் ரேடியோவின் ஆன்டெனா கம்பியை மேப்பிள் மரத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார். அதனால் அதற்குப்பின் என் ஒவ்வொரு ரோலும் அப்பாவில் ஆரம்பித்தது. இரண்டு வருஷத்தில் பதினோரு ரோல், பதினோரு அப்பா. அம்மா அவற்றில் சிலவற்றை மெட்ராஸுக்கு அனுப்பியதில், அமெரிக்காவில் அவருக்கு மரமேறும் உத்தியோகமா என்று சித்தப்பா விசாரித்து எழுதினார். லாப் பெரியவர் மட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஆறுதல் சொல்வார்.

"இந்த ரோல்லயும் உங்கப்பா ரொம்ப நல்லா விழுந்திருக்கார்."

கரகரப்பு

இந்தியாவில் காலை ஏழே கால் மணித் தமிழ்ச் செய்தி, எங்களுக்கு முந்தின நாள் ராத்திரி எட்டே முக்கால். அதைச் சிற்றலையில் பிடிக்கத்தான் அந்த ஏணி, அந்தக் கம்பி. இந்தியாவிலிருந்து அந்த அலை வடதுருவத்தை ஒட்டித்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறது. வடக்கே துருவ ஒளி கிளம்பி வானம் கலங்கினால் செய்தி செத்துவிடும், கரகரப்புதான் மிஞ்சும். அப்பாவுக்குச் செய்தி போச்சு. எனக்கு அதுவே செய்தி.

அந்தக் கரகரப்பே ஆதாரம்தானே என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஆனால் ரேடியோ கரகரத்ததும் என் முகம் மலர்வதை மட்டும் கவனித்துவிட்டார்.

"நியூஸ் போனா உனக்கு என்னடி சிரிப்பு?"

மினசோட்டாக்காரி

கடைசி வருஷம், மார்ச் மாதம். மே வந்தால் லிண்டா படிப்பு முடிந்து காரோடு ஊருக்குப் போய்விடுவாள். அதற்கப்புறம் எனக்கு அப்பாவின் சாவியை விட்டால் கதியில்லை. அந்த நேரத்தில், ரேடியோ சுத்தமாக ஊமையாகிவிட்டது, அப்பா எரிந்து விழுகிறார் என்று அம்மா போனில் சொன்னாள். லிண்டாவைக் கெஞ்சிக் கிளம்ப வைத்தேன். ஆறு மணி நேரம் ஓட்டினோம். வெர்மான்ட் முழுக்க மேகம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. காருக்குள் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மினசோட்டா பண்ணையில் வளர்ந்த அந்த மகராசி தேற்றினாள்.

"எங்க ஊர்ல இது வந்தா, வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு திரைச்சீலையை இழுத்து விட்டுட்டுத் தூங்குவோம்."

மேப்பிள் மரத்துக்கு மேலே

அதே ராத்திரி, நியூ ஜெர்சியில் மேகமே இல்லை. கம்பி அறுந்துவிட்டதா பார்க்கலாம் என்று அப்பா வேட்டிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு பேக்யார்டுக்கு வந்திருக்கிறார். மரத்துக்கு மேலே வானம் ரத்தச் சிவப்பு. எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பதறி, அப்புறம் அந்தச் சிவப்பு நகர்வதைப் பார்த்து, நான் சொன்ன ஒளிதான் என்று புரிந்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். இவ்வளவு தெற்கேயிருந்து பார்த்தால் அது சிவப்பாகத்தான் தெரியும். இரண்டு பேரும் கால் மரத்துப்போகும்வரை நின்றிருக்கிறார்கள். அப்பா வீட்டுக் காமிராவில் படமும் எடுத்தார், ஃப்ளாஷ் போட்டு.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரின்டை நீட்டினார். பளீரென்று மேப்பிள் மரம், ஆன்டெனா கம்பி, பின்னால் கும்மிருட்டு. இரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த குரலில், ஆதாரம் எங்கே என்று கேட்டேன். தான் பார்த்ததாகச் சொல்வது போதாதா, வேண்டுமானால் அம்மாவைக் கேள் என்றார். வழக்கில் ஜெயித்துவிட்ட திருப்தியில் சாவிக்குக் கையை நீட்டினேன். அப்பா சாவியைக் கையில் எடுத்தார், என்ஜினியர் மாதிரி ஒரு நிமிஷம் யோசித்தார், திரும்பத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நான் இரண்டு வருஷம் வாதாடி அவரை நம்பவைத்ததற்குக் கடைசியில் கிடைத்த பதில் இவ்வளவுதான்: "அதான் வீட்டுக்கே வருதே, உனக்கு எதுக்குக் கார்?"