சிலுவையம்மாள் கையின் நிறம்

ராயபுரத்தில் எங்கள் தெரு ஜனங்களுக்குக் கண் இருந்தது. எதற்கு இருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சிலுவையம்மாள் என் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்த பிறகு, வாசலில் அடுப்பு போட்டு ஆப்பம் சுட்டு விற்றாள். முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அவள் கையால் தின்றுவிட்டுத்தான் துறைமுகத்துக்குள் நுழைவார்கள். அங்கே கிளார்க்காக இருந்த நானும்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் அவள் விரல் நுனிகளில் வெள்ளை விழுந்தது. ஒரே வருஷத்தில் மணிக்கட்டு வரை ஏறி, உதட்டுக்கும் வந்துவிட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் எங்கள் தெருவில்தான் ஆளாளுக்கு டாக்டராயிற்றே! குஷ்டம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் பக்கத்தில் முட்டி போட்டவர்கள், திங்கட்கிழமை அவள் அடுப்பைக் கண்டால் எதிர்ச்சாரிக்குத் தாவினார்கள். அடுப்பு அணைந்தது. நாலு வருஷம் கிடங்கில் கிழிந்த சாக்கு தைத்துப் பிழைத்தாள்.

"துட்டு வருதுடா ஸ்டானி, அதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஆனா என் கையால நாலு பேரு துன்னணும். நான் சாவறதுக்குள்ள அது நடந்தா போதும்" என்பாள்.

நாட்டு மருந்துக்கடை உச்சிமாகாளி அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், ஏதோ ஓர் எண்ணெய் கொடுத்துப் பூசச் சொன்னார். எழுபத்திரண்டு ஜூலையில் அவள் கையின் வெள்ளை மங்கி, மஞ்சளாக ஒரு நிறம் ஏறியது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. கடை வாசலில் அவளை நிறுத்தி, கையைத் தூக்கிப் பிடித்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினார்.

"பாத்தியளா? பழைய நெறம் திரும்பி வருதுல்லா!"

தெருவே ஆமாம் போட்டது. அடுப்பு மறுபடி எரிந்தது. நாலு வருஷமாக எதிர்ச்சாரியில் நடந்த கால்கள் எல்லாம் அவள் வாசலில் வரிசை கட்டின. வெட்கங்கெட்ட ஜனம். நானும் போய் நின்றேன்.

அவள் பாதியாக இளைத்ததை யாரும் பார்க்கவில்லை. தான் சுட்ட ஆப்பம் அவளுக்கே இறங்காததையும், முதுகைப் பிடித்துக்கொண்டு மாவு ஊற்றியதையும் பார்க்கவில்லை. ஒருநாள் அவளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மூத்திரம் டிகாஷன் கணக்கா போவுதுடா. ஒடம்பெல்லாம் அரிக்குது."

கண்ணைப் பார்த்தேன். மஞ்சள் பூத்திருந்தது. காமாலை. கறுத்த உடம்பில் தெரியாத மஞ்சள் அந்த வெள்ளைத் திட்டுகளில்தான் தெரிந்திருக்கிறது. அதைத்தான் நிறம் திரும்புகிறது என்று கொண்டாடியிருக்கிறோம்.

"ஆஸ்பத்திரிக்கு வாக்கா."

"காமாலை போனா இந்த நெறமும் பூடுமேடா."

"பூட்டா போவட்டும்."

"உனக்கு இன்னா, சொல்லிட்ட."

நிற்கவே முடியாமல் போன பிறகுதான் வந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். கணையத்தில் புற்று. எடுக்க வழியில்லை. பித்தநீர் இறங்க மட்டும் ஒரு மாற்று வழி தைத்துவிட்டு மூடினார்கள். அந்த வெள்ளையால்தான் இது வந்ததா, ஒட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"ரெண்டும் ஒட்டாது. பயப்படாதீங்க. உடம்பு தன்னையே எதிரியா நினைச்சுத் தோலோட நிறத்தை அழிக்குதுன்னு சிலர் சொல்றாங்க. அந்த மாதிரி வியாதிக்கும் புற்றுக்கும் சம்பந்தம் உண்டா? எனக்குத் தெரியாது. உண்டுன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

அந்த வருஷம் நான் கேட்ட ஒரே யோக்கியமான பேச்சு அதுதான். தெருவுக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. வெள்ளை உள்ளே இறங்கிப் புற்றாகிவிட்டதாம். மாவு வழியாக அது மற்றவர்களுக்கும் பரவுமாம்.

காமாலை இறங்கியது. கை பழையபடி வெள்ளையானது. "ஆஸ்பத்திரிக்காரன் என் மருந்தைக் கெடுத்துப்புட்டாம்லே" என்று அண்ணாச்சி கைகழுவிக்கொண்டார்.

வீடு திரும்பிய மூன்றாவது வாரம், சொல்லச் சொல்லக் கேட்காமல் அடுப்பு மூட்டினாள். ஈ, காக்கைகூட வரவில்லை. வேலைக்குக் கிளம்பிய என்னைக் கூப்பிட்டு இரண்டு ஆப்பத்தை இலையில் வைத்து நீட்டினாள். நான் படித்தவன். ஒட்டாது என்று டாக்டர் வாயாலேயே கேட்டவன். இருந்தும் அந்த விரல்கள் படாத ஓரமாகப் பார்த்து இலையைப் பிடித்தேன்.

"டைம் ஆயிடுச்சிக்கா, போற வழில துன்னுக்கிறேன்" என்று மடித்து வாங்கிக்கொண்டேன். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் நாய்க்குப் போட்டேன்.

சாயங்காலம் திரும்பியபோது அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"துன்னியாடா?"

"துன்னேன்க்கா."

"உப்பு எப்டி?"

"கரெக்டா இருந்துச்சிக்கா. எப்பவும் போல."

அவள் கோபப்படக்கூட இல்லை.

"இன்னிக்கு உப்பே போடலடா" என்றாள்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மிச்சமிருந்த மாவைச் சாக்கடையில் ஊற்றினாள்.