கிராபிக்ஸ் கார்ட் வாங்கப் போய் வாப்பாவிடம் மாட்டிக்கொண்டேன்

இன்று கல்முனையில், ஒரு கம்ப்யூட்டர் கடையில், வாப்பாவிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

போனது என் முதல் பீசிக்குக் கிராபிக்ஸ் கார்ட் வாங்க. மற்றச் சாமான்கள் எல்லாம் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. (கல்யாணத்துக்குச் சேர்க்கிற சாமான் என்றுதான் உம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.)

நான் வீட்டுப் பிளான் வரைகிறவள். கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று 3டி படமாகவும் எடுத்துக் கொடுப்பேன்.

எங்கள் ஊர்களில் மகள் பிறந்த கையோடு அவளுக்குச் சீதனமாக வீடு கட்டும் கவலையும் வாப்பாமாருக்கு வந்துவிடும். அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் என் லேப்டொப்பில்தான். ஒரு படம் எடுக்க பின்னேரம் அஸர் தொழுகையில் இருந்து பொழுதுபடும் மஃரிப் வரை இழுக்கும், நடுவில் நின்றும் போகும். இப்படியே இரண்டு வேலைகள் கைநழுவிப் போயின. அழுதேன், மறைக்கவில்லை.

எனக்காகக் கட்டும் வீட்டுக்கு டைல்ஸ் பதிக்க வைத்திருந்த காசில் ஒரு பகுதியை வாப்பா எடுத்துத் தந்தார். பயமே அதுதான். பிழையான கார்டை எடுத்தால் தரையும் இல்லை, தொழிலும் இல்லை.

கூட வந்த வாப்பாவிடம் கடைக்காரர், மகன் கேம் விளையாடவா என்று விசாரித்தார். எனக்குத்தான் என்றேன். (அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.)

இரண்டு கார்ட்களை எடுத்து வைத்தார். ஒன்று புதியது, கல்யாண வீடு மாதிரி லைட் எரிகிறது, மெமரி 4 ஜிபி. மற்றது பாவித்தது, லைட்டும் இல்லை பவுசும் இல்லை, மெமரி 8 ஜிபி. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பாவித்தது கடற்கரைப் பக்க வீட்டில் இருந்ததென்றால் உப்புக்காற்று தின்றிருக்கும். அதைத்தான் முதலில் கேட்டேன்.

“இது நாவிதன்வெளியில, வயல் பக்கம் பாவிச்ச சாமான் தங்கச்சி. பாருங்க, ஒரு ஆணியிலயும் துரு இல்ல.”

பார்த்தேன், இல்லை. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. பென் டிரைவைக் கொடுத்து, என் பைலை இரண்டு கார்டிலும் ஓடவிட்டுக் காட்டச் சொன்னேன். என்னிடம் இருப்பதிலேயே பாரமான பைல் எங்கள் புது வீடுதான்.

லைட் எரிந்த கார்ட் படிக்கட்டோடு நின்றுவிட்டது. பழையது முழு வீட்டையும் பொசுக்கென்று திறந்தது. வந்த சந்தோஷத்தில் மௌசை உருட்டிக்கொண்டு முன் அறைக்குள் போய்விட்டேன்.

அப்போதுதான் வாப்பா பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தால் இருத்தவென்று வாப்பா ஆசைப்பட்டுக் கட்டுகிற அறை அது. என் பைலில் அது என் ஆபீஸ்! மேசை, இரண்டு மொனிட்டர், சுவரில் என் பெயர்ப்பலகை. ஆசைக்கு வரைந்தது, வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

வாப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

“இது நம்மட முன் ரூம்தானே மகள்?”

“ஓம் வாப்பா.”

“வாறவங்க எங்க இரிக்கிற?”

“ஹோலுக்குள்ள இரிக்கலாம் வாப்பா. இடம் இரிக்கி.”

அவர் குனிந்து என் பெயர்ப்பலகையை வாசித்தார். பிறகு, பாவித்த கார்டைப் பெட்டியில் போடும்படி கடைக்காரரிடம் சொன்னார்.

காசைக் கொடுத்துவிட்டு வெளியே மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார். கார்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஆசையை வரைந்து வைத்து அவர் மனதை நோகடித்துவிட்டேனே என்று இருந்தது.

வாப்பா போனை எடுத்து, வீட்டுக்கு வயரிங் செய்பவருக்கு அடித்தார்.

“தம்பி, முன் ரூமுக்கு ரெண்டு ப்ளக் பொயின்ட் காணாது. ஆறு போடுங்க. அது மகள்ட ஆபீஸ்.”