கணப்புச் சட்டியும் சாத்திய கதவும்

போன மார்கழியில், கோச்சடையில் என் தாய்வீட்டில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. வைகைக் காற்று பச்சைக் குழந்தைக்கு ஆகாதென்று அம்மா ஜன்னல் இடுக்குகளில் சாக்கைத் திணித்தாள். கட்டிலடியில் கரிக் கணப்பை வைத்துக் கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

சிறிது நேரத்தில் எனக்குத் தலை கனத்தது. பனியால் வந்த தலைவலி என்றே நினைத்தேன். அழுதுகொண்டிருந்த குழந்தையும் ஓய்ந்துவிட்டது.

"கதகதப்பு கண்டதும் எம்புட்டு அமைதியாத் தூங்குது" என்று அம்மா வெளியே யாரிடமோ சொல்வது கேட்டது. கூப்பிட வாய் வரவில்லை. கைகால்களும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் குழந்தையைப் பார்க்க வந்தான். கதவைத் திறந்தவன், "என்னத்தா இது, மூச்சு முட்டுதே" என்று குழந்தையை வாரியெடுத்து, என்னையும் முற்றத்துக்கு இழுத்து வந்தான். குளிர்காற்றில் வெகுநேரம் கிடந்த பிறகே குழந்தை முனகியது.

அடைத்த அறையில் கரி கனன்றால் காற்றே விஷமாகிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

இப்போதெல்லாம் குளிருக்குப் போர்வை மட்டும்தான். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போனால், அவர்கள் முகம் சுளித்தாலும் முதலில் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். என் மகள் சத்தமின்றித் தூங்கினால், கிள்ளி அழவைத்துவிட்டுத்தான் நான் கண்ணயர்கிறேன்.